டாக்டரம்மா வரிசை

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனி. வருசத்துக்கு ஒரு தடவை நடக்கிற உடல் பரிசோதனை அன்றைக்கு. பேக்கிங் ஷெட்டுக்குள் ரெண்டு மேசை, ரெண்டு வரிசை. முதல் மேசையில் வெளியூர்ப் பெரியவர் ஒருத்தர். தலையைத் தூக்காமலே, "நாக்க நீட்டு, கையக் காட்டு, போ" என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். யோகலட்சுமி அந்த வரிசையில்தான் நின்றாள். முன்னால் இன்னும் மூணே பேர்.

அப்போதுதான் ரெண்டாவது மேசையில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்த்தாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே! ரோஷினி டாக்டர்!

பதினோரு வருசமாக ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கிளினிக் வைத்திருந்தவர். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. போர்டையும் கழற்றிவிட்டார்கள். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. யோகலட்சுமி அந்தப் பூட்டைப் பார்த்து அழுதுவிட்டாள். அவளுக்கு வலிப்பு உண்டு. அது தெரிந்தது உலகத்தில் ரெண்டே பேருக்கு. ஒன்று அவள் புருசன் அருள்பாண்டி, இன்னொன்று இந்த டாக்டர். மாமியார் வீட்டுக்குத் தெரியாது, கம்பெனிக்குத் தெரியாது. பிளஸ் டூ படிக்கிற மகள் பிரீத்திக்கே தெரியாது. வலிப்புக்காரி மகள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் நாளைக்கு யார் அந்தப் பிள்ளையைக் கேட்டு வருவான்? "இது நமக்குள்ள இருக்கட்டும் யோகா" என்று கையைப் பிடித்துச் சொன்னவர் ரோஷினி டாக்டர்தான்.

யோகலட்சுமி வரிசையை விட்டு விலகினாள்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?" என்றாள் பின்னால் நின்ற மாரித்தாய். பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துகிற ரூமில் ஆறு வருசமாக யோகலட்சுமிக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். "இங்கன மூணு பேருதான். அங்கன பதினஞ்சு பேரு நிக்காக."

"நம்ம டாக்டரம்மா மதினி. ஒரு வார்த்த பேசாமப் போனா நல்லாவா இருக்கும்?"

"ஆமா, நம்ம டாக்டரம்மா! ஊசியும் போட மாட்டாக, மாத்திரையும் எழுத மாட்டாகளாம் இப்ப. தாள்ல டிக்கு அடிக்கதுக்கு எதுக்குடி அம்புட்டுப் படிப்பு?"

ரெண்டு வரிசையும் சிரித்தது. ஆனாலும் மாரித்தாய் முணுமுணுத்துக்கொண்டே யோகலட்சுமிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

முக்கால் மணி நேரம் கால் கடுத்தது. முறை வந்தபோது டாக்டர் சிரித்தார். குரலைத் தணித்து, "மாத்திரைய விடாமப் போடுறியா?" என்றார்.

"பழைய சீட்டக் காட்டித்தான் மெடிக்கல்ல வாங்குதேன். இப்படிச் சொல்லாமப் போலாமா டாக்டர்?"

டாக்டர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார். "சொன்னா விட்டிருக்க மாட்டீங்க. பதினோரு வருசம் வெந்த கையும் வெந்த முகமுமாக் கட்டுப் போட்டேன் யோகா. ஒண்ணக் கட்டி நிமிந்தா அடுத்தது வந்து நிக்கும். என்கூடப் படிச்சவ ஒருத்தி இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயிட்டா, ஒருத்தன் மாத்திரை தயாரிக்கிற கம்பெனிக்குப் போயிட்டான். எனக்கு அதெல்லாம் பிடிக்கல. வேகாமப் பாத்துக்கிற வேலை ஒண்ணு இருக்குன்னாங்க. தொழிற்சாலை டாக்டர்னு மூணு மாசப் படிப்பு. படிச்சிட்டு வந்தேன்."

யோகலட்சுமிக்கு அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டர் தாளை இழுத்துப் பார்த்தார். பேனா நின்றது.

"மருந்து ரூமா? பெட்டி ஒட்டுறேன்னுல்ல என்கிட்ட சொன்ன?"

யோகலட்சுமி பின்னால் நின்ற மாரித்தாயை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"பங்குனியிலகூட ஒரு தடவ வந்துச்சே."

"வீட்டுலதான டாக்டர் வந்துச்சு. இங்கன வந்ததே இல்ல."

"மருந்து கையில இருக்கப்ப வந்தா? ரூமுக்கு நாலு பேரு இருக்கீங்க."

"நமக்குள்ள இருக்கட்டும்னு நீங்கதான சொன்னீக?"

"அது கிளினிக்ல சொன்னது." சொல்லிவிட்டு டாக்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க உனக்கு மட்டும் டாக்டர். இங்க அந்த நாலு பேருக்கும்."

எழுதிவிட்டார். எழுதி முடித்து, "வியாதி பேரப் போடல. மருந்து ரூமுக்கு ஆகாது, பெட்டி செக்‌ஷனுக்கு மாத்தணும்னுதான் எழுதியிருக்கேன். வேலை போகாது, நான் பொறுப்பு" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், அந்தப் பெரியவர் வரிசையில் நின்றிருந்தால் நாக்கை நீட்டிவிட்டுப் போயிருப்பாள். பாசம் பிடித்து இழுக்கப்போய்த்தான் இங்கே வந்தாள்.

போர்மேன் தங்கப்பாண்டியன் தாளை வாங்கி மேலோட்டமாக வாசித்தான். "ஆகாதுன்னு போட்டாச்சு. பெட்டிப் பக்கம் ஆளு நெறஞ்சு கெடக்கு. நாளையிலருந்து வர வேண்டாம்." அப்புறம் அவளை மேலும் கீழும் பார்த்தான். "கை காலு நல்லாத்தான இருக்கு? மருந்து ரூமுக்கு மட்டும் ஆகாதுன்னா... ஏத்தா, ஒனக்கு வலிப்பு எதுவும் வருமா?"

அவன் குரல் எப்போதுமே பெருசு. ஷெட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வியாதி பேரைப் போடாமல் விட்ட டாக்டர், அதை எல்லார் காதிலும் போட வைத்துவிட்டார்.

டாக்டர் விருட்டென்று எழுந்து மானேஜர் ரூமுக்குப் போனார். அஞ்சு நிமிசம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தார். "நான் எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதானாம். வேலை கொடுக்கிறது கம்பெனி இஷ்டமாம்."

"கிளினிக்ல இருக்கப்ப நீங்க வந்தா இந்த மானேஜரு எந்திரிச்சு நிப்பாரு" என்றாள் யோகலட்சுமி. "இப்ப அவுக குடுக்கிற சம்பளத்துக்கு வந்திருக்கீக. ஒங்க பேச்ச யாரு கேப்பா? அது தெரியாமலா என் ரகசியத்த அவுககிட்டக் குடுத்தீக?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தார். மாரித்தாய் வந்து நின்றாள்.

"மூச்சு வாங்குறது எப்படி இருக்கு மாரித்தாய்?"

"மூச்செல்லாம் வாங்கல."

"நான்தான வாயில வச்சு உறிஞ்சுற மருந்து எழுதிக் குடுத்தேன்?"

"எனக்கா? வேற யாருக்காவது குடுத்திருப்பீக டாக்டர்."

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருத்தராக நழுவிப் பெரியவர் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் மேசை முன்னால் வெறும் தரை.

யோகலட்சுமி கூடையை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசல் கேட்டுப் பக்கம் நடந்தாள். மாரித்தாய் பின்னாலேயே ஓடி வருவது கேட்டது. நமக்காக ஒருத்தியாவது டாக்டர் முகத்துக்கு நேரே பேசினாளே என்று மனசு கொஞ்சம் இளகி நின்றாள். மாரித்தாய்க்கு மூச்சு இரைத்தது. இடுப்பில் கை வைத்து, இரைப்பு அடங்குகிற மட்டும் நின்றாள்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்குடி" என்றாள். "ஆறு வருசம் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான மருந்து செலுத்தினேன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

யோகலட்சுமி கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். மாரித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருந்து ரூமைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.