தபால்காரர் சொல்லாமல் போன விடை

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த விடுகதைக்கு விடை என்னக்கா?”

மாலையைத் தங்கராஜுவின் மார்பில் போட்ட கையோடு காப்பிக்கடை யூசுப் இப்படிக் கேட்டதும், சுற்றியிருந்த பெண்களின் ஒப்பாரி பாதியில் நின்றது. அவர்களுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

தனலெட்சுமி அழுது சிவந்த கண்ணைத் துடைத்தாள். “எனக்கு மட்டும் சொல்லிட்டா போனாரு, யூசுப்பு?”

அவள் புருஷன் தபால்காரர் தங்கராஜு அப்படிப்பட்ட ஆள். சூலியா தெருவில் ஒரு வீட்டுக்குக் கடிதம் கொடுத்தால் கூடவே ஒரு விடுகதையும் கொடுப்பார். விடை அடுத்த கடிதத்தோடுதான். தபால் கப்பல் தாமதமானால் ஊர்ச் சேதியைவிட விடைக்குத்தான் தெரு தவித்தது. வீட்டிலும் இதே சட்டம். தனலெட்சுமிக்கோ கடிதம் எழுத ஒரு நாதியில்லை. பதினாறு வருஷமாகப் பக்கத்து வீட்டு சலேஹாவிடம்தான் விடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரே ஒரு தடவை தானாகக் கண்டுபிடித்து அந்த மனுஷனின் மூக்கை உடைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை.

நேற்றுக் காலை தெரு முழுவதற்கும் ஒரே விடுகதையைப் போட்டார். ‘ரெண்டு பேரு. நாள் பூரா மாத்தி மாத்தி முந்துவாங்க. ஜெயிச்சவனும் இல்ல, தோத்தவனும் இல்ல. யாரு?’ சாயங்காலம் வீட்டுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

“ரிக்‌ஷா சக்கரம்லா,” என்றாள் சலேஹா.

“அது எங்க முந்துது? ரெண்டும் ஒண்ணாத்தானே உருளுது,” என்றார் யூசுப். “அக்கரைக்குப் போய்வர்ற பட்டர்வொர்த் படகு ரெண்டா இருக்கும்.”

“ஒண்ணு போவும், ஒண்ணு வரும். அதுல என்னா போட்டி?”

“கடியார முள்ளு!”

“பெரிய முள்ளுதான் தெனம் ஜெயிக்குதே!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தனலெட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தீவின் அந்தக் கோடி பாலிக் புலாவிலிருந்து கொழுந்தன் பழனியப்பன் வந்துவிட்டால் தூக்கிவிடுவார்கள். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். தூக்கிய பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்போதே மாட்டுவண்டி வந்து நின்றது.

“இது எழவு வீடா, கல்யாண வீடா?” என்று பழனியப்பன் படியேறினார். கூட்டத்தை முறைத்துவிட்டு அண்ணனின் காலடியில் உட்கார்ந்தார். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்து, இடது கால் வலதைவிடச் சற்று முன்னால் நின்றது. “இதக்கூடப் பாக்கலியா, அண்ணி? ரெண்டையும் சமமா வச்சுக் கட்ட வேண்டாமா?”

“கட்டாதீங்க தம்பி! கொஞ்சம் இருங்க!”

தனலெட்சுமி அந்தக் கால்களையே பார்த்தாள். வெடிப்பு விழுந்த குதிகால்கள். இந்தத் தெருவை எத்தனை ஆயிரம் தடவை அளந்தவை! அவளுக்குச் சட்டென்று விடை பிடிபட்டது. வாய்க்கரிசியை அள்ளிக்கொண்டு போனவள், போட்ட கையோடு அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டு முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். தப்பான விடை சொன்னால் அந்த மனுஷனுக்குச் சிரிப்பை அடக்கவே தெரியாது. இப்போது அவர் சிரிக்கவில்லை.

“சரியாத்தான் சொல்லிருக்கேன்,” என்று நிமிர்ந்தாள். “காலு, யூசுப்பு! நம்ம ரெண்டு காலு!”

வாசல்வரை சிரிப்பு பரவியது. சலேஹா தலையில் அடித்துக்கொண்டாள். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பழனியப்பனின் தோள்களும் குலுங்கின. “எமகாதகன்,” என்றார், கண்ணைத் துடைத்தபடி.

பாடை கிளம்பியது. தெருமுனைவரை போன பெண்கள் வழக்கப்படி நின்றுகொண்டார்கள். எல்லோருடைய கண்ணும் சுமந்து போகிறவர்களின் கால்களிலேயே இருந்தது. வளைவு அவர்களை மறைக்கும்வரை தனலெட்சுமி பார்த்தாள்.

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினாள். வலது கால் முந்தியது. அப்புறம் இடது கால்.