விடோ அட்டை

என் வீட்டுக்காரர் இருபது வருஷம் அகராதி ஆபீசில் ஆங்கிலச் சொற்களுக்கு வேர் தேடினார். சொல்லுக்கு ஒரு அட்டை. 'விடோ', அதாவது விதவை, அந்த அட்டையை எழுதின கையோடு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதே ஆபீசில் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார் தலைமை ஆசிரியர்.

"முடிச்சுக் குடுங்கம்மா. முன்பக்கத்துல உங்க பேரு வரும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேருக்காகத்தான் உட்கார்ந்தேன். எங்கே போனாலும் 'அவர் சம்சாரம்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

முதல் வேலையே அந்த அட்டைதான், கொடுமையைப் பாருங்கள். விடோவும் சமஸ்கிருத 'விதவா'வும் ஒரே வம்சம் என்று எழுதியிருந்தார். அது சரி. அடுத்த வரி: 'வி' என்றால் இல்லாத, 'தவ' என்றால் கணவன், ஆகவே கணவன் இல்லாதவள். அடியில் கோடும் போட்டுவிட்டார் மனுஷன். எனக்கு இடித்தது. பழைய ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் என்று ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த வேருக்குப் 'பிரிப்பது' என்றுதான் பொருள். கணவன் அதில் எங்குமே இல்லை. விதவாதான் முதலில் வந்தவள். அந்தச் சொல்லைத் தப்பாக உடைத்து, பிற்பாடு 'தவ' என்று ஒரு புருஷனை உண்டாக்கியிருக்கிறார்கள்! வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேனே.

"பிரமாதம்மா!" என்றார் தலைமை ஆசிரியர்.

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிற கடைசி புரூஃப் என் மேஜைக்கே வந்தது. கொண்டுவந்தது பக்கம் கட்டுகிற பெண்.

"அக்கா, உங்க பேரைக் காணோமே?"

முன்பக்கத்தில் அவர் பேர் கொட்டை எழுத்தில், சொல்மூல ஆசிரியர் என்று. அவர் தப்பை நான் திருத்தி எழுதினதுகூட அவர் பேரிலேயே. கீழே பொடி எழுத்தில்: 'உதவிய அன்னாரின் விதவைக்கு நன்றி.'

நேரே தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"செத்தவருக்கு மரியாதை வேண்டாமாம்மா? நீங்களே இப்படிப் பேசலாமா?"

தாள்களை எடுத்துக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பினேன்.

பிழை பார்த்தவர் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும், எங்கள் ஆபீஸ் வழக்கம். அச்சானதும் அந்தத் தாள்கள் குப்பைக்குப் போய்விடும். முன்பக்கத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கீழே, கையெழுத்துப் போடுகிற இடத்தில், என் முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.