வயோமிங்குக்கு ஒரு குண்டூசி

கல்லூரியில் சேர்வதற்கல்ல, கல்லூரியைச் சுற்றிப் பார்ப்பதற்கே காத்திருப்போர் பட்டியல்! அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலிருந்த கார்லி ஆஸ்ட்பி கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வசதியில்லாத பிள்ளைகளைத் தன் செலவில் விமானத்தில் வரவழைத்து விருந்து வைக்கிறதாம், கிழக்குக் கரையிலிருந்த அந்தப் பணக்காரக் கல்லூரி. பெரிய கொடை வள்ளல்தான். ஆனால் இவளுக்கு இப்போதைக்கு இடமில்லையாம். இன்னும் விருப்பமிருந்தால் உடனே எழுதித் தெரிவிக்க வேண்டுமாம்.

விருப்பம் இருந்தது, அதுதான் எரிச்சல். ஜியாலஜி படிக்க ஆசை அவளுக்கு. அங்கே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒரு வகுப்பிலாவது உட்கார்ந்து பார்க்காமல் நாலு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பள்ளி ஆலோசகர் டச்சர் யோசனையை அள்ளி வீசினார். "நல்லா உருகி எழுதும்மா. சின்ன வயசுலேர்ந்து உங்க காலேஜ்தான் என் கனவுன்னு போடு. அப்பா விட்டுட்டுப் போனதையும் சேத்துக்கோ."

"போன மாசம்தான் சார் அந்தக் காலேஜ் பேரையே கேள்விப்பட்டேன். அப்பா போனதுக்கு இவங்க துக்கம் விசாரிக்கவா போறாங்க?"

இன்னும் விருப்பம் உண்டு, இடம் வந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதி அனுப்பினாள். டச்சர் அவளைக் கைகழுவிவிட்டார்.

அடுத்த வாரம் அம்மா ரெனே, லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் வேலை முடிந்து வந்து காலை நீட்டிய நேரம், கார்லியின் போன் அடித்தது. சேர்க்கை அலுவலகத்திலிருந்து ஒரு பெண், தேன் ஒழுகப் பேசினாள்.

"கார்லி, உனக்கு இடம் கிடைச்சிருச்சு! வயோமிங் பையன் வரலைன்னுட்டான். எங்க மேப்புல அம்பது மாநிலத்துக்கும் குண்டூசி குத்துவோம். உங்க மாநிலம் மட்டும் காலியா இருக்கு."

ஆக, மதிப்பெண்ணைப் பார்த்தும் இல்லை, மண்ணாங்கட்டியைப் பார்த்தும் இல்லை. சுவரில் ஒரு குண்டூசி குறைகிறது, அவ்வளவுதான்.

"போட்டோ எடுப்போம். வயோமிங்னாலே குதிரையும் கௌபாயும்தானே! பூட்ஸ், கௌபாய் தொப்பி எல்லாம் கொண்டுவந்துடு, என்ன?"

குதிரைப் பக்கம் போனாலே கார்லிக்குத் தும்மல் வரும். "கிளாஸ்ல எப்ப உக்காரலாம்?" என்று கேட்டாள்.

"கிளாஸா? அதுக்கெல்லாம் நேரமில்லையேம்மா."

"அப்ப வேற வயோமிங் ஆளைத் தேடிக்கோங்க."

ரெனே துள்ளி எழுந்தாள். "அடியே, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டி!"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். கெடுத்துக்கொண்டோமோ என்று கார்லிக்குப் பயமாகத்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை காலைல ஒரு ஜியாலஜி கிளாஸ் இருக்கு," என்றது குரல், தேன் கொஞ்சம் வற்றி. "புரொபசர்கிட்ட சொல்லிடறேன். ஆனா அந்த பூட்ஸு..."

"எனக்கு ஏழாம் நம்பர்," என்றாள் கார்லி. "அங்கேயே வாங்கி வெச்சிருங்க."