‘கயல் அக்கா’ என்று ஒரு செட்டிங்

ஆயுத பூசையன்று ஒரு கருவிக்குப் பொட்டு வைக்காமல் விடுவது பாவம். அடுத்தவன் கருவியை விட்டுவிடுவது இன்னும் பெரிய பாவம். இந்த நல்லெண்ணத்தில்தான், எடப்பாடி விசைத்தறிக்காரர்கள் மண்டபத்தில், என்னைப் போலவே மைக்செட் போடுகிற ஈஸ்வருடைய டேப்லெட்டின் மேல் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டையாக இழுத்தேன். நடுவில் குங்குமம் வைக்கக் கை போவதற்குள் மண்டபமே ஊளையிட்டது.

முன்வரிசையில் பொரி தின்றுகொண்டிருந்த சங்கத் தலைவர் பாலசுந்தரம் தட்டைத் தலைக்குக் குடையாகக் கவிழ்த்துக்கொண்டார். தட்டில் பொரி இருப்பது அவருக்கு மறந்துவிட்டது. மேடையில் சரஸ்வதி பாட்டைப் பாதி பாடியிருந்த என் மனைவி கயல்விழி, மைக்கைத் தூரப் பிடித்துக்கொண்டு காதைப் பொத்தினாள்.

அந்த டேப்லெட் சும்மா படம் பார்க்கிற சாமான் இல்லை. மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற டிஜிட்டல் புராசஸருக்கு அதுதான் கடிவாளம். குரலில் கனத்தைக் கூட்டவும் கீச்சைக் குறைக்கவும் வேண்டிய குமிழெல்லாம் கண்ணாடிக்குள் படமாக நிற்கும். என் பக்தி அத்தனையையும் ஒரே இழுப்பில் உச்சிக்கு ஏற்றிவிட்டது.

ஈஸ்வர் ஓடிவந்து துண்டால் துடைத்தான். ஈரச் சந்தனம் இழுத்த பக்கமெல்லாம் குமிழ்களும் போக, ஊளை ராகம் மாறியது. கடைசியில் அவன் ஓர் ஓரத்தில் ஒரே தட்டு தட்டினான். எல்லாம் அடங்கியது. கயல் விட்ட அடியிலிருந்தே பாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தேன். ‘கயல் அக்கா’ என்று எழுதியிருந்தது.

“இது என்னப்பா?”

“அக்கா குரலுக்குப் போட்ட செட்டிங்குங்கண்ணா. போன மாசம் புதுச்சத்திரம் கல்யாணத்துல பாடுனாங்கல்ல, அன்னைக்கே சேவ் பண்ணிட்டேன். இப்ப எந்த மண்டபம் போனாலும் இதைப் போட்டுட்டு லேசா மாத்திக்கிட்டாப் போதும்.”

என் மனைவியின் குரலை இன்னொருத்தன் பெயர் எழுதிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். அதையும் என்னிடமே, இன்னும் கையில் சந்தனம் காயாத என்னிடமே, சிரித்துக்கொண்டு சொல்கிறான். நல்ல பையன். அதுதான் தாங்கவில்லை.

“ஏனுங்க மருதாசலம்,” என்று தலைமுடியிலிருந்து பொரியைப் பொறுக்கியபடி தலைவர் கூப்பிட்டார். “சாமி கும்பிட்டது போதும். செத்த அந்தப் பக்கமா உக்காருங்க.”

அந்தப் பக்கமாக உட்கார்ந்தேன். என் காலடியில், மேசைக்குக் கீழே, என்னுடைய ஈக்வலைசர் பெட்டி இருந்தது. நெற்றி நிறையப் பொட்டு, உடம்பில் கரண்ட் இல்லை. ஸ்பீக்கர் எல்லாம் என்னுடையது, கட்டுப்பாடு மட்டும் அஸ்தம்பட்டி ஈஸ்வருடையது என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். பந்தல் போட்டவனையே பந்தியில் உட்கார வைக்காத மாதிரி.

இரும்புப் பெட்டி, வரிசையாகக் குமிழ்கள். மண்டபம் எந்தச் சுருதியில் விசிலடிக்கிறது என்று காதால் பிடித்து, அந்தக் குமிழை விரலால் இறக்குவேன். இதை விற்றுவிட்டு புராசஸர் வாங்குவதா வேண்டாமா என்று சில மாதங்களாகவே குழப்பம். கேட்டவர்களிடமெல்லாம், “பெட்டியைத் தொட்டா விரலுக்குச் சேதி தெரியுமுங்க. கண்ணாடியைத் தொட்டா கண்ணாடிதான் தெரியும்,” என்று பேசுவேன். உண்மையில் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் பேசினேன்.

என் குழப்பம் பெட்டியைப் பற்றியதே இல்லை. கயல் யாருடைய சவுண்டில் நன்றாகப் பாடுகிறாள் என்பதுதான். அவள் பாடுகிற குழுவுக்கு சில ஊரில் நான் செட் போடுவேன், சில ஊரில் ஈஸ்வர்.

அன்றைக்குக் குறை கண்டுபிடிக்கவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. குரல் அப்படியே விளக்குத் திரி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒரே ஓர் ஆறுதல்தான். கயல் கண்ணை மூடிக்கொண்டே பாடினாள், ஈஸ்வர் இருந்த மேசைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என் சவுண்டில் பாடும்போது பாட்டுக்கு நடுவில் பலமுறை என்னைப் பார்ப்பாள். இத்தனை பேர் இருக்கையில் நம்மைத் தேடுகிறாளே என்று எனக்குள் குளுகுளுவென்றிருக்கும். அதை எந்தப் புராசஸரிலும் சேவ் பண்ண முடியாதடா தம்பி என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாமான்களை என் சின்ன யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினோம். பின்னால் இடம் போதாமல் ஈக்வலைசரைக் கயல் மடியில் வைத்துக்கொண்டாள். பூசைக்காகத் தறிகளெல்லாம் நின்றிருந்ததால் சாலையில் என் வண்டிச் சத்தம் மட்டும்தான்.

“அவனோடது நல்லா இருந்துச்சா, நம்மளுதா?” என்றேன்.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க.”

“நான் உன் ரசத்தைப் பத்திச் சொல்ற மாதிரியே சொல்ற.”

“அப்ப ரசம் நல்லா இல்லீங்களா?”

பேச்சு திசை மாறுவதைப் பார்த்து அவசரமாக ஸ்டியரிங்கை ஒடித்தேன். “பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கான், பாத்தியா?”

“ஊட்டு கேஸ் புக்குலயுந்தான் என் பேரு இருக்குது. சிலிண்டர் போடற பையன் மேலயும் சந்தனம் பூசுவீங்களா?”

“அது தெரியாம நடந்தது, கயலு.”

“பொட்டு தெரியாம வெப்பாங்க. பட்டை தெரியாமப் போட மாட்டாங்க.”

வண்டியை ஒரு புளியமரத்து ஓரம் நிறுத்தினேன். மடியில் இருந்த பெட்டியின் குங்குமம் அவள் சேலையில் ஒட்டியிருந்தது.

“நேராச் சொல்லு. இதை வித்துட்டு அதை வாங்கட்டுமா?”

“நேராச் சொன்னாத் தாங்குவீங்களா?”

“சொல்லு.”

அவள் பெட்டியின் குமிழ் ஒன்றை நகத்தால் மேலே தள்ளினாள், மறுபடி இறக்கினாள்.

“விக்கறதும் வாங்கறதும் உங்க இஷ்டமுங்க. இதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்குனாலும் சரி, அந்தக் கண்ணாடியை வாங்குனாலும் சரி. எனக்குன்னு தனியா ஒண்ணு வேணும். நீங்க ஒரே பெட்டியைக் கூட்டத்துக்கும் மேடைக்கும் சேத்துப் போடறீங்க. கூட்டத்துப் பக்கம் விசிலடிக்குதுன்னு ஒரு குமிழை இறக்குனா, மேடையில என் காலுகிட்ட இருக்கற ஸ்பீக்கர்லயும் குரல் அமுங்கிப் போகுது. ஈஸ்வரு ரெண்டுக்கும் தனித்தனியா வெச்சிருக்கான். அங்க என் குரல் எனக்குக் கேக்குது. உங்களுதுல கேக்கறதில்லைங்க.”

நான் சாலையைப் பார்த்தேன்.

“பாட்டுக்கு நடுவால உங்களையே பாப்பனே, எதுக்குன்னு நெனச்சீங்க? எனக்குக் கேக்கல, கொஞ்சம் ஏத்துங்கன்னுதான். நீங்க ஒவ்வொரு தடவையும் சிரிச்சீங்க.”