வாசலில் வின்னி

ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்ததுதான் கில்லரோன் ஊருக்கு வந்த வினை. தனித்தனியாக வந்திருந்தால் அழுது தீர்த்துப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மீன்பிடிக்கிற லூக் டூலனின் மனைவி வின்னி செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணை மூடினாள். அன்று பொழுது சாய்வதற்குள் பாலத்துத் தெரு மளிகைக்கடை பார்ட் ஸ்கல்லியும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே தேவாலயம், ஒரே பூசை. ஆற்றோடு கீழே போனால் எதிர்க்கரையில் ஒரே கல்லறைத் தோட்டம், அதற்கு ஒரே வாசல்.

அந்த வாசலில்தான் சிக்கல். கடைசியாகப் புதைக்கப்பட்டவர் அடுத்த ஆள் வரும்வரை அங்கே காவல் நிற்க வேண்டும். மழையோ பனியோ, நகரக் கூடாது. அடுத்த பெட்டி உள்ளே நுழைந்த பிறகுதான் அவருக்கு ஓய்வு. இதெல்லாம் வேதத்தில் இல்லாத சங்கதி என்று பாதிரியார் வருடம் தவறாமல் பிரசங்கத்தில் சொல்வார். ஊரும் பக்தியோடு தலையாட்டும். ஒரே நாளில் இரண்டு பெட்டி கிளம்பினால் மட்டும் பிரசங்கத்தை மறந்துவிட்டு ஓட ஆரம்பித்துவிடும். முந்தி நுழைகிறவர் தப்பித்தார். பிந்தியவர் தலையில் காவல்.

லூக்குக்கு மனைவி போன துக்கத்தைவிட இந்தக் கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது. துக்கம் எங்கே ஓடிவிடப் போகிறது, மெதுவாக வரும். வின்னிக்குக் கால் சரியில்லை. கடைசிச் சில வருடங்கள் இரண்டு முழங்காலும் வீங்கி, கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் ஆற்றங்காற்றில் எவன் சாவான் என்று காத்து நிற்பதா? ஸ்கல்லி நிற்கட்டும். ஆயுள் முழுக்கக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்த மனிதர், கால் இரண்டும் புதுசு மாதிரி இருக்கும்.

மீன்காரர்கள் வீட்டுப் பிணம் படகில் போகும், மற்றவர்கள் வீட்டுப் பிணம் பாலத்தைச் சுற்றிச் சாலையில் தோளில் போகும். அதுதான் வழக்கம். பூசை முடிந்து பாதிரியார் கடைசி ஆசீர்வாதத்தை வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னார். அவர் வாயை மூடினதும் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் கதவுக்குப் பாய்ந்தது. ஸ்கல்லியின் மகன்கள் நான்கு பேரும் காளை மாதிரி இருப்பார்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடினார்கள். லூக்கும், அவரோடு காலமெல்லாம் வலை பிடித்த ஜாக் ஃபேனிங்கும் வின்னியைப் படகில் வைத்துத் தள்ளினார்கள். பின்னால் மற்றப் படகுகள் வந்தன. ஆற்றில் நீர் கடலை நோக்கி வடிகிற நேரம், துடுப்புப் போடாவிட்டால்கூட நீரே இழுத்துக்கொண்டு போகும். ஜாக் போட்ட போடில் படகின் மூக்கு தண்ணீரை விட்டு எழும்பியது.

வழியில் லூக்கின் வீடு வந்தது. கரையோரப் பாதையை ஒட்டிய வீடு. அதன் அரைக்கதவில் சாய்ந்துகொண்டு வின்னி நிற்காத நாள் இல்லை. கதவின் மேல்பாதி திறந்திருக்கும், அதில் இவள் முழங்கையை ஊன்றியிருப்பாள். தபால்காரன், கழுதைவண்டிக்காரன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வழி தெரியாமல் வந்த வெளியூர்க்காரன் என்று ஒருவரும் சும்மா தாண்டிப் போக முடியாது. யார் வீட்டுப் பசு கன்று போட்டது, அமெரிக்காவிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தது, எல்லாம் அந்தக் கதவைத் தொட்டுத்தான் ஊருக்குள் போகும். அடுப்பில் உருளைக்கிழங்கு கரிந்துகொண்டிருக்கும். உள்ளேயிருந்து லூக் கத்துவார். "வர்றேன், வர்றேன்" என்பாள், வரமாட்டாள்.

இப்போது அந்தக் கதவின் மேல்பாதி திறந்தே கிடந்தது. அவசரத்தில் யாரும் சாத்தவில்லை. முட்டை விற்கிற மேக் டாபின் சாவுச் சேதி தெரியாத மலையோரத்திலிருந்து வந்தவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, காலியாக இருந்த கதவைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தாள். படகு அவளைத் தாண்டிப் போனது. லூக் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அவர் துடுப்பு நின்றுவிட்டது.

"துடுப்பை மேல எடு, ஜாக்."

ஜாக் எடுக்கவில்லை. "கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? அவனுங்க வளைவுகிட்ட வந்துட்டானுங்கடா. கோட்டு தெரியுது பாரு."

"வரட்டும். வாசல்ல ஆளு நிக்கும்போது இவ என்னைக்குடா உள்ள போயிருக்கா?"

"காலு? ராத்திரியெல்லாம் காலு காலுன்னு என் உசுர வாங்குனியே?"

"காலு வலிக்கும்தான். உள்ள தூக்கிப் போட்டுட்டோம்னா அதவிட வலிக்கும்டா அவளுக்கு."

ஜாக் ஆற்றைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு பெட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்த படகுகளிலிருந்து வசவு மழையாகப் பொழிந்தது. மீன்காரத் தெரு மளிகைக்கடைக்குத் தோற்பது என்றால் சும்மாவா? எதிர்க்கரையில் ஸ்கல்லி பையன்கள் வேர்த்து விறுவிறுத்து அப்பாவை வாசலுக்குள் கொண்டு போனார்கள். மூத்தவன் மட்டும் திரும்பிப் பார்த்தான். ஜெயித்தது மாதிரியும் இருந்தது, ஏமாந்தது மாதிரியும் இருந்தது அவனுக்கு. பார்ட் ஸ்கல்லிக்கு மனித முகமே ஆகாது. சில்லறையைக்கூடக் கையில் கொடுக்காமல் மேசையில் வைக்கிற ஆள். அவருக்கும் இதுதான் சரி என்று அவர் விதவையே பின்னால் ஒத்துக்கொண்டாள்.

அன்று மாலை மதுக்கடையில் லூக்கோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜாக் மட்டும் படகில் நடந்ததை ஆளாளுக்குச் சொன்னார், தான் வைத வார்த்தை உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர், அங்கே ஸ்கல்லி வின்னியைத் தாண்டி உள்ளே போகும்போது அவள் என்னவெல்லாம் கேட்டிருப்பாள் என்றார். கடை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. லூக்கும் சிரித்தார். சிரித்து முடித்தபோது துக்கம் வந்து சேர்ந்துவிட்டது. ஜாக்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு லூக் தினமும் சாயங்காலம் படகை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் போனார். உள்ளே கல்லறைப் பக்கம் போகவில்லை. அவள்தான் அங்கே இல்லையே. வாசல் தூணில் சாய்ந்து, புகைக்குழாயைப் பற்றவைத்து, அன்றைய சேதியெல்லாம் சொன்னார். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் இவ்வளவு பேசியதில்லை. இடம் கிடைத்ததில்லை. ஊரும் மெல்ல அந்தப் பழக்கத்துக்கு வந்தது. சாலையில் போகிறவர்கள் வாசலைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, "குளிரா இருக்கா வின்னி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மேக் டாபின்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் ஒருவரும் சாகவில்லை. காய்ச்சல் வந்தது, வீட்டுக்கு வீடு இருமல் கேட்டது, ஆனால் ஒரு பெட்டி கிளம்பவில்லை. தன் மருந்துதான் காரணம் என்று டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ஊருக்கு உண்மை தெரியும். போகிற ஆளையெல்லாம் வின்னி வாசலிலேயே நிறுத்திக் கதை பேசித் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

மார்ச் மாதம் டார்பி க்வெர்க் ஆள் அனுப்பினார். மீன்காரத் தெருவிலேயே மூத்த மனிதர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் படுத்தவர், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் தடவுகிற கடைசிப் பூசுதலைக் கொடுத்துக் கொடுத்துப் பாதிரியாருக்கே அலுத்துவிட்டது. லூக் போனபோது கட்டிலில் போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. எலும்பாக ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது. மகள் தேநீரை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ரொம்ப வலிக்குதுடா லூக்கு," என்றார் கிழவர். "போயிடலாம்னு பாக்குறேன். ஆனா நான் வந்துட்டா அவ உள்ள போயிடுவாளே. அப்புறம் நீ சாயங்காலம் எங்க போவ?"

லூக் தேநீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் தாக்குப்புடிக்கட்டுமா? முடியும்னுதான் நெனைக்கிறேன்."

ஈஸ்டர் வரைக்கும் என்றதும் லூக்கின் மனம் துள்ளியது. ஈஸ்டர் என்ன, கோடை வரைக்கும் இழுத்துக்கொண்டு கிடக்கட்டும் இந்தக் கிழவர் என்றுகூட அது ஆசைப்பட்டது. அப்படி ஆசைப்பட்டதற்காக அவர் தன்னைத் தானே வெறுத்தார். கிழவரின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அது விறகுக்குச்சி மாதிரி லேசாக இருந்தது.

"வேணாம், பெரியவரே. நீங்க கெளம்புங்க. அவ வாசல்லதான் இருப்பா. உங்களுக்குப் பயமே இருக்காது, பேசிப் பேசியே கூட்டிக்கிட்டுப் போயிருவா."

கிழவர் நீண்ட மூச்சு விட்டார். அந்தப் பயம் இருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "அவகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

லூக் யோசித்துப் பார்த்தார். எல்லாச் சேதியையும் நேற்றே சொல்லி முடித்தாயிற்று.

"உக்காரச் சொல்லுங்க," என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொல்லுங்க."

அந்த வாரத்துக்குள் டார்பி க்வெர்க் போய்விட்டார். போட்டிக்கு இன்னொரு பெட்டி இல்லை. பெட்டி போன படகில் முன்துடுப்பு லூக்குடையது. நீர் வடிகிற நேரம்தான், ஆனாலும் ஆற்றில் யாரும் அவ்வளவு மெதுவாகப் படகு போய்ப் பார்த்ததில்லை. பின்துடுப்புப் போட்ட ஜாக் நீரைத் தடுத்துத் தடுத்துப் பிடித்தார். பின்னால் வந்த படகுகளில் ஒருவர்கூட லூக்கை அவசரப்படுத்தவில்லை.