மூச்சுக் காட்டப் போன எஞ்சின்

என் கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றபோது அவர் ஓட்டிய நீராவி எஞ்சினும் அதே நாளில் ஓய்வு பெற்றது. இருவருக்கும் மாலை போட்டு ஒன்றாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். எஞ்சின், பொன்மலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் இருக்கிறது.

ஓய்வு பெற்றவர்கள் வருடம் ஒருமுறை அலுவலகத்துக்கு நேரில் போய், உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மனிதர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். எஞ்சின்கள் மூச்சு விட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இறந்துவிட்டதாக எழுதிவிடுவார்கள். மறுநாளே குடும்பத்தார் அடக்கம் செய்தாக வேண்டும்.

இந்த வருடம் மழை அதிகம். எஞ்சினுக்கு அடிவயிறெல்லாம் துரு. தண்ணீர் ஊற்றினால் அப்படியே மண்ணில் ஒழுகியது. அவரைக் கொண்டுபோய் வைத்த கல்லறைத் தோட்டத்துக்கு இன்னொரு முறை அப்படிப் போக எனக்குத் தெம்பில்லை. போவதில்லை என்று மாதாவிடம் சொல்லிவிட்டு, மகனையும் மகளையும் வரச் சொன்னேன்.

மகன் அந்துவான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மகள் செசிலி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள்.

மேல் தகட்டைக் கழற்றினோம். உள்ளே துரு பப்படம் மாதிரி செதில் செதிலாக உதிர்ந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கம்பிப் பிரஷால் தேய்த்தோம். பிறகு தகடுகளைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளில் எது நல்லது, எது அரித்தது என்று பார்க்க, எல்லார் வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சின்னச் சுத்தியலால் ரிவெட்டைத் தட்டி, ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியும் மற்றவர்கள் பின்பாதியும் சொல்கிற மாதிரி, ‘அருள் நிறைந்த மரியே’யின் முதல் பாதியைச் சொல்ல வேண்டும். நல்ல ரிவெட் பின்பாதியைச் சொல்லும். அரித்தது பேசாது. சில ரிவெட்டுகள் ‘இப்பொழுதும்’ வரை வந்து, ‘எங்கள் மரண வேளையிலும்’ என்பதற்கு முன்னால் நின்றுவிடும். அவை பாதி அரித்தவை. அவற்றையும் மாற்ற வேண்டும்.

செசிலி விளக்கோடு பாய்லருக்குள் இறங்கி, உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே பாயைப் போட்டுப் படுத்து, அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே போனேன். தட்டின ரிவெட்டெல்லாம் பதில் சொன்னது. ஒன்றுகூடத் திக்கவில்லை. மாதாவே, உமக்குத் தோத்திரம் என்று எழுந்து, காபி போட்டேன்.

தண்ணீர் நிரப்பியபோது அடிவயிறு முழுக்க ஒழுகியது.

பாய்லருக்குள் இருந்து ஏறி வந்த செசிலி, துருத் தலையோடு நின்றாள்.

“நான்தாம்மா பதில் சொன்னேன்” என்றாள். “நீங்க முதல் பாதி சொன்னா எனக்கு வாய் தானா வருதும்மா.”

அந்துவான் சிரித்தான். “நானும் என்னடா, இவ்வளவு பக்தியான ரிவெட்டா இருக்கேன்னு பார்த்தேன்.”

“நீ கோயில்ல வாசலுக்கு வெளியவே நிக்கிறவன். உனக்கு எங்க தெரியும்?” என்றாள் அவள்.

அலுவலகத்துக்குப் போகிற நாள் மறுநாள். அந்துவான், “மேல தாரைப் பூசி, பெயிண்டை அடிச்சு, கூட்டிட்டுப் போயிரலாம்மா. ஒரு மூச்சுதானே” என்றான்.

“ஒரு மூச்சு விட்டுட்டு வீட்டுக்கு வந்து செத்துப்போனா? கீழ படு, தம்பி” என்றேன்.

செசிலியின் வாயில் ஒரு பெரிய கல்கண்டைப் போட்டுவிட்டு, முதலிலிருந்து தட்டினேன். இந்தத் தடவை அடிவயிற்றில் ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மேலேயும் பாதி ரிவெட்டுகள் ஊமையாக இருந்தன. நான் அழவில்லை. சாக்கட்டியால் எல்லாவற்றுக்கும் குறி போட்டேன்.

அந்துவான் பழைய ரிவெட்டுகளின் தலையை உளியால் வெட்டி எடுத்தான். புதியவற்றைக் கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி வைத்து அடித்தான். செசிலி உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்தாள். புது ரிவெட்டுக்கு ஜெபம் தெரியாது. ஆறிவிட்டால் தலையில் ஏறாது. அதனால் சிவப்பாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முகத்தை வைத்து, பின்பாதியைச் சொல்லிக்கொடுத்தேன். என் புருவம் பொசுங்கியது. ‘மரண வேளை’ என்ற இடத்தில் எல்லாம் மழலையில் தடுமாறின. மறுபடி சொல்லச் சொன்னேன். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

விடிந்ததும் தண்ணீர் நிரப்பினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அடுப்பு மூட்டிக் கிளம்பினோம். தண்டவாளம் இல்லாத ரோட்டில் எஞ்சின் மெதுவாகத்தான் நடக்கும். ஸ்பீட் பிரேக்கரில் அதன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் இருந்த அம்மாள், “மூச்சு விடச் சொல்லுங்க” என்றார். எஞ்சின் விட்டது. மேஜையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எஞ்சினைத் தட்டி, முதல் பாதியைச் சொன்னார். பின்பாதி மழலையில் வந்தது.

“உயிரோட இருக்கும்மா. அதுல சந்தேகமில்ல” என்றார். “ஆனா ஓய்வு பெற்றவங்கன்னு எழுத முடியாது. பாதிக்கு மேல பச்சப்புள்ள. ஆறு வயசு போடுறேன். திங்கக்கிழமை ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துருங்க.”

“காலையில எத்தன மணிக்கு விடணும்?” என்று கேட்டேன். சொன்னார்.

திரும்பும் வழியில் துணிக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் டேப்போடு எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“வளர்ற பிள்ளை. கொஞ்சம் பெருசாவே எடுத்துக்குங்கம்மா” என்றார்.

நான் சரி என்றேன்.