சேர்ந்து வாழும் உரிமை

ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாருக்கு, அந்தப் பக்கம் யாருக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் ஏழு வாரமாகப் பேசிப் பேசி ஒருவழியாக ஒப்பந்தத்துக்கு வந்திருந்தன. முகாமில் அடைத்து வைத்திருக்கும் பையன்களை விட்டுவிடுவார்கள். ஆனால் ராணுவத்தின் மேல் புகார் நிலுவையில் இருக்கிற தெருவுக்கு அது கிடையாது. தையல்காரியின் தெருவில் பதினோரு பையன்கள் உள்ளே இருந்தார்கள். புகார் ஒன்றே ஒன்றுதான். அவளுடையது.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராணுவக்காரர்கள் பஸ்ஸை மறித்து, டிக்கெட் பையோடு அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவரைக் கண்ணால் பார்த்தாள். மூன்றாம் நாள் உடலை வாங்கப் போனால், அப்படி ஒருவர் வரவே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து புகார் எழுதியவர் வக்கீலம்மா. இன்றைக்கு அதை வாபஸ் வாங்கும் தாளைக் கொண்டுவந்தவரும் அதே வக்கீலம்மாதான். வெட்டிப்போட்ட ஜாக்கெட் துணிகளை ஒதுக்கிவிட்டு மேஜைமேல் தாளை விரித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள் தையல்காரி.

"உங்க வீட்டுக்காரர் தானாவே அந்தப் பக்கம் போய்ட்டாருன்னு. சும்மா ஒரு பேச்சுக்கு."

"செத்தவரை எப்படிம்மா நடக்க விடுறது?"

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நானும் மல்லுக்கட்டிப் பாத்துட்டேன். ஒண்ணும் வாங்காம வரலை. பிரிஞ்ச குடும்பம் ஒண்ணா வாழுற உரிமைன்னு ஒரு ஷரத்து வாங்கியிருக்கேன். அதுக்கே நாக்குத் தள்ளிப்போச்சு."

வாசலில் பத்துத் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். பதினோராவது தாய் தையல்காரியின் தங்கை. அவள் மட்டும் உள்ளேயே வந்துவிட்டாள்.

"போனவர் போயாச்சு. இருக்கிறவங்க வாயில ஏன் மண்ணள்ளிப் போடணும்?" என்று வாசலில் ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்.

"ஆளு இருந்தப்போ மாசத்துல பத்து நாள் அவரோட பேச மாட்டா. இப்ப பாசம் பொத்துக்கிட்டு வருது!" என்றாள் இன்னொருத்தி. சிரிப்புக் கேட்டது.

தங்கை காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என் பையனை நீதானே தூக்கி வளர்த்தே. மாமா இருந்தா வேணாம்னா சொல்வாரு?"

தையல்காரி கையெழுத்துப் போட்டாள்.

பையன்கள் வந்தார்கள். தெருவே கொண்டாடியது. தங்கை மகனுக்கு ஒரு காது கேட்கவில்லை, இரண்டு விரல் மடங்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டான். தையல்காரியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சாவு வீட்டு நினைப்பு வருகிறதாம்.

மூன்றாவது வாரம் அவள் வீட்டுக்கு எதிரே ஒரு லாரி வந்து நின்றது. அதிகாரி தன்மையான மனுஷர். கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

"சாமானைக் கட்டுங்கம்மா. வீட்டுக்காரர் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்னு இருக்கக் கூடாது. குடும்பம் ஒண்ணா வாழணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. வீட்டை நாங்க சீல் வச்சுக்கறோம்."

"அவர் செத்துட்டாருங்க."

"நீங்களே போயிட்டாருன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"வக்கீலம்மாவைக் கேளுங்க."

"அவங்க போராடி வாங்கின ஷரத்துதாம்மா இது. தங்கமான ஷரத்து." அவர் குரலில் கேலியே இல்லை. "கையெழுத்து பொய்னு சொன்னீங்கன்னா, பழைய புகார் திரும்ப வந்துரும். பதினோரு பேரையும் மறுபடி ஏத்தணும். லாரி காலியாத்தான் நிக்குது. எதுக்கும் ஒரு சாட்சி கேட்டுக்கறேன்."

எதிர்வீட்டு வாசலில் மகனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். அதிகாரி கூப்பிட்டதும் வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனது உண்மையா?"

"ஆமாங்க. பெட்டியோட போனதை நானே பாத்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "அந்தக் கரையில இவங்களை யார் வந்து கூட்டிட்டுப் போவாங்க? அதையும் எழுதணும்."

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி தையல்காரியைப் பார்த்துக் காத்திருந்தார். அவர் பார்வை மெல்ல எதிர்வீட்டு வாசலில் நின்ற பையன் பக்கம் திரும்பியது. தங்கைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"மாமாதான் வருவாருங்க," என்றாள் அவசரமாக. "அக்கான்னா அவருக்கு உசுரு."